டெஸ்ட் முடிந்தது... மிச்ச ரத்தம் எங்கே போகிறது? கொங்கு மண்ணில் கேட்க வேண்டிய கேள்விகள்!

கோவையில் பெரிய மருத்துவமனைகளுக்கும் லேப்களுக்கும் பஞ்சமில்லை. ஈரோடு, திருப்பூர், கரூர், நாமக்கல், பாலக்காடு என்று எல்லாப் பக்கமிருந்தும் ஆட்கள் காலையில் வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் உட்காருகிறார்கள். சுகர், கொலஸ்ட்ரால், தைராய்டு... ஊசி குத்தி இரண்டு டியூப் ரத்தம் எடுக்கிறார்கள். சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்துவிடுகிறது. நாமும் அதோடு மறந்துவிடுகிறோம்.

ஆனால் டெஸ்ட்டுக்கு எடுத்த ரத்தம் முழுவதும் செலவாவதில்லை. பெரும்பாலும் டியூபின் அடியில் கொஞ்சம் மிச்சமிருக்கும். பயாப்ஸிக்கு வெட்டியெடுத்த சதைத்துண்டை மெழுகுக் கட்டியில் பதித்து ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பார்கள். ஆராய்ச்சிக்கென்றே எடுத்தது என்றால் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரிலோ, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனிலோ பல ஆண்டுகள் அப்படியே இருக்கும். இப்படிச் சேர்த்து வைக்கும் இடத்துக்கு 'பயோபேங்க்' என்று பெயர். பணம் போடும் பேங்க்கில் பாஸ்புக் தருவார்கள். இந்த பேங்க்கில் நம் கையில் என்ன இருக்கிறது?

கேட்டால், "சும்மா ஒரு கையெழுத்துதானுங்க, எல்லாரும் போட்டிருக்காங்க" என்பார்கள். அந்த 'சும்மா கையெழுத்து' பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஒரு டியூபுக்குள் ஒரு குடும்பம்

சுகர் அளவு இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று. டி.என்.ஏ அப்படியில்லை. பிறப்பிலிருந்து இறப்பு வரை ஏறக்குறைய மாறாது. உங்கள் டி.என்.ஏ-வில் பாதி அம்மாவுடையது, பாதி அப்பாவுடையது. உடன்பிறந்தவர்களுடன் சராசரியாகப் பாதி ஒத்துப்போகும். ஆக, நீங்கள் ஒருவர் கையெழுத்துப் போட்டால், அண்ணன், தங்கை, பெரியப்பா பையன், இன்னும் பிறக்காத பேத்தி என எல்லோரைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறீர்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

"பேரை எடுத்துட்டுத்தான் வைப்போம், பயப்படாதீங்க" என்று சொல்வதும் முழுப் பாதுகாப்பு அல்ல. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1970-களிலும் 80-களிலும் தொடர் கொலைகள் செய்த ஒருவர் 2018-ல் பிடிபட்டார். அவர் தன் டி.என்.ஏ-வை எந்த வெப்சைட்டிலும் பதிவேற்றவில்லை. தூரத்துச் சொந்தக்காரர்கள் வம்சாவளி தேடுவதற்காகப் போட்டு வைத்திருந்த தகவலை வைத்துத்தான் போலீஸ் அவர் வீட்டு வாசலுக்கு வந்தது. குற்றவாளி பிடிபட்டது நல்ல விஷயம்தான். ஆனால், பெயர் இல்லாவிட்டாலும் ஆளைக் கண்டுபிடிக்க முடியும் என்பதற்கும் அதுவே சாட்சி.

நம்மூரில் இது இன்னும் சுலபம். சின்ன ஊர், இன்ன சாதி, இன்ன கூட்டம், அபூர்வமான ஒரு நோய். இந்த நான்கும் ஒரே வரியில் இருந்தால் பெயரே தேவையில்லை. "அட, நம்ம மேக்காலத் தோட்டத்து வீடு" என்று டீக்கடையிலேயே சொல்லிவிடுவார்கள்.

நீலகிரி, 1952

இதெல்லாம் எங்கோ வெளிநாட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். இந்திய மரபணு ஆராய்ச்சி வரலாற்றின் முக்கியமான பக்கம் ஒன்று நமக்குப் பக்கத்து மலையில் எழுதப்பட்டது.

1952-ல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நீலகிரி மலை மக்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் அதிகம் காணப்படும் 'சிக்கிள் செல்' என்ற மரபணுக் கோளாறு இங்கும் இருப்பதைக் கண்டுபிடித்து, பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். வட்டமாக இருக்க வேண்டிய ரத்தச் சிவப்பணு கருக்கரிவாள் மாதிரி வளைந்து, நுண்ணிய ரத்தக் குழாய்களில் சிக்கிக்கொள்ளும். தாங்க முடியாத வலி, ரத்தசோகை, அடிக்கடி தொற்று... கவனிக்காவிட்டால் சின்ன வயதிலேயே உயிரைக் குடிக்கும்.

அந்த ஆய்வின் முதல் கேள்வி 'இவர்களுக்கு என்ன வைத்தியம் செய்யலாம்' என்பதல்ல. தென்னிந்தியப் பழங்குடிகளுக்கும் ஆப்பிரிக்க மக்களுக்கும் இனத்தொடர்பு உண்டா என்பதுதான். அப்போது ஆராய்ச்சிக்கான ஒப்புதல் விதிகள் என்று பெரிதாக எதுவும் கிடையாது. உலக மருத்துவர்களின் ஹெல்சிங்கி பிரகடனம் 1964-ல் வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், அதாவது ஐ.சி.எம்.ஆர், தன் முதல் நெறிமுறை அறிக்கையை வெளியிட்டது 1980-ல்.

கண்டுபிடிப்பு உலகுக்குப் போனது. வைத்தியம் அந்த வேகத்தில் மலைக்குத் திரும்பவில்லை. கோத்தகிரியில் 1958-ல் தொடங்கிய நீலகிரி ஆதிவாசிகள் நலச் சங்கமும், கூடலூரின் அஸ்வினி ஆதிவாசி மருத்துவமனையும் பின்னாளில் இந்த நோயாளிகளைத் தேடிப்போய்க் கவனிக்கத் தொடங்கின. தேசிய அளவில் 'சிக்கிள் செல் ஒழிப்பு இயக்கம்' தொடங்கப்பட்டது 2023 ஜூலை 1-ம் தேதி. முதல் ஆய்வுக்கும் இதற்கும் இடையில் 71 ஆண்டுகள்!

இந்த இடைவெளிதான் மாதிரி சேகரிப்பின் ஆதாரமான அறச்சிக்கல். ரத்தம் கொடுப்பவர் ஒருவர், பலன் பெறுபவர் வேறொருவர். லேமன் கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று யாரும் சொல்ல முடியாது. நல்ல எண்ணம் மட்டும் போதாது என்பதுதான் பாடம்.

கேட்டது சர்க்கரைக்கு, பார்த்தது வேறு எதற்கோ

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வசிக்கும் ஹவாசுபாய் பழங்குடிகளிடையே சர்க்கரை நோய் மிக அதிகம். 1990-ல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வந்து ரத்தம் கேட்டார்கள். சர்க்கரை நோய்க்கு விடை கிடைக்கும் என்று நம்பி மக்களும் கொடுத்தார்கள். ஒப்புதல் படிவத்தில் 'நடத்தை, மருத்துவக் கோளாறுகள்' என்று பொதுவாக ஒரு வரி இருந்தது.

2003-ல் அந்தச் சமூகத்தைச் சேர்ந்த பெண் ஒருவர் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு உரை ஒன்றைக் கேட்கப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. அதே ரத்தத்தை வைத்து மனச்சிதைவு நோய், நெருங்கிய உறவுத் திருமணம், அவர்களின் மூதாதையர் எங்கிருந்து வந்தார்கள் என்றெல்லாம் ஆராய்ந்திருந்தார்கள். 'நாங்கள் இந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள்' என்பது அந்த மக்களின் நம்பிக்கை. அவர்கள் கொடுத்த ரத்தமே அதற்கு எதிர்சாட்சியாக நிறுத்தப்பட்டது. வழக்கு நடந்து 2010-ல் சமரசம் ஆனது. பல்கலைக்கழகம் 41 பேருக்கு 7 லட்சம் டாலர் கொடுத்தது. அதைவிட முக்கியமாக, மிச்சமிருந்த ரத்த மாதிரிகளைத் திருப்பிக் கொடுத்தது.

டெக்சாஸ் மாநிலத்தில் பச்சிளம் குழந்தைகளின் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தப் பொட்டுகளைப் பெற்றோருக்குச் சொல்லாமலே ஆராய்ச்சிக்குச் சேமித்து வைத்திருந்தார்கள். பெற்றோர் வழக்குப் போட, 2009-ல் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளை அழிக்க அரசு ஒப்புக்கொண்டது. முதலிலேயே கேட்டிருந்தால் பெரும்பாலான பெற்றோர் சரி என்று சொல்லியிருக்கக்கூடும். கேட்காததால், பயனுள்ள ஆராய்ச்சிச் சொத்து ஒன்று குப்பைக்குப் போனது. ஒப்புதல் கேட்பது ஆராய்ச்சிக்குத் தடை என்று நினைப்பவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

ஆராய்ச்சியே வேண்டாமா?

வேண்டும். அதிலும் நமக்குக் கட்டாயம் வேண்டும். உலகின் மரபணுத் தகவல் கிடங்குகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. அங்கே கண்டுபிடிக்கும் மருந்தும் டெஸ்ட்டும் நம் உடம்புக்கு அப்படியே பொருந்தும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இந்தியச் சமூகங்கள் பல தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே கல்யாணம் செய்துகொண்டவை. கொங்கில் ஒரே கூட்டத்துக்குள் பெண் எடுக்க மாட்டோம், அவர்கள் பங்காளிகள். ஆனால் சாதியைத் தாண்டவும் மாட்டோம். மாமன் மகள், அத்தை மகன் உறவிலும் கல்யாணம் நடக்கும். கூட்டம் பார்ப்பது அப்பா வழியை மட்டும்தான். அம்மா வழியில் வரும் மரபணுக்களைக் கூட்டம் தடுக்காது. இப்படி ஒரு வட்டத்துக்குள்ளேயே சுற்றும்போது, என்றோ ஒரு மூதாதையரிடம் இருந்த அபூர்வமான கோளாறு அந்தச் சமூகத்தில் மட்டும் அடர்ந்துவிடும்.

வைசிய சமூகத்தினர் சிலருக்கு அறுவை சிகிச்சையின்போது தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஒரு மருந்து உடலில் சிதையாமல் தங்கிவிடும். மூச்சு திரும்ப வெகுநேரம் ஆகும். காரணம் ஒரு மரபணு மாற்றம். இது தெரிந்திருந்தால், மயக்க மருந்து டாக்டர் வேறு மருந்தைப் போடுவார், உயிர் தப்பும். 2017-ல் நேச்சர் ஜெனெடிக்ஸ் இதழில் வந்த ஆய்வு, தெற்காசியாவில் இப்படி மரபணு வட்டம் குறுகிய சமூகங்கள் பல இருப்பதைக் காட்டியது. கோவையிலேயே, தசைச்சிதைவு நோயுள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்கு மரபணுப் பரிசோதனையும் ஆலோசனையும் தரும் மையம் இயங்குகிறது. 'அடுத்த பிள்ளைக்கும் வருமா?' என்று தவிக்கும் அம்மாவுக்கு இந்த ஆராய்ச்சிதான் பதில் சொல்லும்.

இதற்காகத்தான் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2020-ல் 'ஜீனோம் இந்தியா' திட்டத்தைத் தொடங்கியது. 20 நிறுவனங்கள் சேர்ந்து நாடு முழுக்க 20,000 பேரிடம் ரத்தம் சேகரித்தன. அவற்றில் 10,000 பேரின் முழு மரபணுத் தொகுதியும் படிக்கப்பட்டது. அந்தத் தகவல் தொகுப்பு 2025 ஜனவரி 9-ம் தேதி ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. தகவல் இருப்பது ஃபரிதாபாத்தில். ரத்த மாதிரிகள் இருப்பது பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்தில் உள்ள மூளை ஆராய்ச்சி மையத்தில். நாடே பெருமைப்பட வேண்டிய வேலை. அதனால்தான் அதன் அடித்தளமான நம்பிக்கையில் விரிசல் விழக் கூடாது என்கிறோம்.

கார்டு கையில், கல்யாணம் கேள்வியில்

சிக்கிள் செல் இயக்கத்தின் இலக்கு, பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது. தமிழ்நாடும் இதில் உண்டு. கோவை மாவட்டத்தின் ஆனைகட்டி, காரமடை மலைப்பகுதி இருளர் குடியிருப்புகளுக்கு இது நேரடியாகத் தொடர்புள்ள விஷயம். பரிசோதித்தவர்களுக்கு மரபணு நிலையைக் காட்டும் கார்டு தருகிறார்கள்.

கணக்கு எளிமையானது. கணவன், மனைவி இருவருமே நோயைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒருவர் மட்டும் சுமப்பவர் என்றால் குழந்தைக்கு நோய் வராது, ஆனால் அதுவும் சுமப்பவராகப் பிறக்கும் வாய்ப்பு பாதி. சுமப்பவர் நோயாளி அல்லர். வழக்கம்போல வாழலாம், வேலை பார்க்கலாம்.

இதைப் பொறுமையாக விளக்கிச் சொன்னால் கார்டு ஒரு வழிகாட்டி. விளக்காமல் கையில் திணித்தால் அதே கார்டு ஒரு முத்திரை. "அந்தப் புள்ளைக்கு ரத்தத்துல கோளாறாமா" என்று ஊர் பேச ஆரம்பித்துவிடும். அடி விழுவது பெரும்பாலும் பெண்ணுக்குத்தான். பரிசோதனை எவ்வளவு முக்கியமோ, பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் பேச்சிலேயே விளக்கும் ஆலோசகரும் அவ்வளவு முக்கியம். அந்த ஆலோசகர் இருளர் சமூகத்துப் பெண்ணாகவே இருந்தால் இன்னும் நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஐ.சி.எம்.ஆர்-ன் 2017 நெறிமுறைகள் பயோபேங்க்குக்கென்று தனிப் பகுதியே ஒதுக்கியிருக்கின்றன. அதன் சாரம்: மாதிரியும் அதிலிருந்து வரும் தகவலும் கொடுத்தவருக்குச் சொந்தம். பயோபேங்க் வெறும் காவலாளி. கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் 'என்னுடையதைப் பயன்படுத்தாதீர்கள்' என்று பின்வாங்கலாம். ஆனால் யாருடையது என்ற அடையாளத்தையே முழுமையாக நீக்கிவிட்டால், திருப்பி எடுக்க வழியில்லை. ஒப்புதல் படிவம் அவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், ஒரு நகல் அவர் கைக்குத் தரப்பட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் நடுநிலையான சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். பழங்குடி ஊரில் மூப்பன் அனுமதி கொடுத்தாலும், அது தனிமனிதரின் ஒப்புதலுக்கு மாற்று ஆகாது.

மருத்துவமனையில் டெஸ்ட்டுக்கு எடுத்து மிச்சமான மாதிரி? அடையாளம் நீக்கப்பட்டிருந்தால், மருத்துவமனையின் நெறிமுறைக் குழு சம்மதித்து, தனி ஒப்புதல் வாங்காமலே ஆராய்ச்சிக்கு அனுமதிக்கலாம். அதாவது, உங்கள் மிச்ச ரத்தம் உங்களுக்குத் தெரியாமலே ஆய்வுக்குப் போக நெறிமுறைப்படியே வழியிருக்கிறது.

இவையெல்லாம் நெறிமுறைகள். பயோபேங்க்குகளுக்கென்று நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. 2019-ன் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள், நெறிமுறைக் குழுக்கள் அரசிடம் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கின. அது நல்ல முன்னேற்றம். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலைத் திரும்பப் பெறும் உரிமையைத் தருகிறது. ஆனால், ஒரு தனிநபரைப் பற்றி முடிவெடுக்கப் பயன்படுத்தாதவரை, ஆராய்ச்சிக்கு விலக்கும் தருகிறது. அதோடு அது காப்பது கம்ப்யூட்டரில் உள்ள தகவலைத்தான். ஃப்ரீசரில் உள்ள ரத்தக் குப்பியைப் பற்றி அது பேசுவதில்லை. மரபணுவைக் காரணம் காட்டி இன்ஷூரன்ஸையோ வேலையையோ மறுக்கக் கூடாது என்று அமெரிக்காவில் 2008-லேயே சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டத்தையே ஆயுள் காப்பீட்டுக்கு நீட்டவில்லை என்று அங்கே குறைப்படுகிறார்கள். நம்மிடம் அப்படியொரு தனிச் சட்டமே இல்லை.

'எதிர்கால ஆராய்ச்சி அனைத்துக்கும் சம்மதம்' என்ற பொது ஒப்புதலும் விவாதத்துக்குரியதுதான். ஒவ்வொரு ஆய்வுக்கும் ஆளைத் தேடிப்போய்க் கையெழுத்து வாங்குவது நடக்காத காரியம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். நியாயம்தான். ஆனால் 'எல்லாவற்றுக்கும்' என்பதற்கும் 'ஒவ்வொன்றுக்கும்' என்பதற்கும் நடுவே வழி உண்டு. 'சர்க்கரை, இதய நோய்க்குச் சரி. வம்சாவளி ஆய்வுக்கு வேண்டாம். வெளிநாட்டுக்கு அனுப்பும் முன் சொல்லுங்கள்' என்று கட்டம் கட்டமாக டிக் அடிக்கும் படிவம். இந்த வகையையும் ஐ.சி.எம்.ஆர் அங்கீகரிக்கிறது. கைபேசி இல்லாத வீடு குறைந்துவிட்ட காலத்தில், உங்கள் மாதிரி புதிய ஆய்வுக்குப் போகிறது என்று ஒரு எஸ்.எம்.எஸ் அனுப்புவது பெரிய வேலையா என்ன?

கையெழுத்துக்கு முன் ஏழு கேள்விகள்

ஊரில் முகாம் போட்டாலும் சரி, மருத்துவமனையில் படிவம் நீட்டினாலும் சரி, கூச்சப்படாமல் கேளுங்கள்.

1. இது என் வைத்தியத்துக்கா, ஆராய்ச்சிக்கா? மறுத்தால் என் சிகிச்சை பாதிக்குமா? (பாதிக்கக் கூடாது என்பதுதான் விதி.)

2. எந்த நோய்க்கான ஆய்வு? வேறு ஆய்வுக்கும் பயன்படுத்துவீர்களா?

3. மாதிரி எங்கே, எத்தனை ஆண்டு இருக்கும்? வெளி நிறுவனத்துக்கோ வெளிநாட்டுக்கோ போகுமா?

4. என் பெயர், ஊர், சாதி எல்லாம் மாதிரியோடு சேர்ந்து போகுமா?

5. எனக்கோ பிள்ளைகளுக்கோ ஆபத்தான ஏதாவது தெரியவந்தால் சொல்வீர்களா? சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள விருப்பமில்லை என்றால் அதையும் மதிப்பீர்களா?

6. மனம் மாறினால் யாரை அழைப்பது? நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் படிவத்தில் இருக்கிறதா?

7. இதிலிருந்து மருந்தோ டெஸ்ட்டோ வந்து யாராவது லாபம் பார்த்தால், எங்கள் சமூகத்துக்கு என்ன கிடைக்கும்?

குழந்தைகளிடம் எடுக்கிறார்கள் என்றால் கூடுதல் கவனம் தேவை. பெற்றோர் கையெழுத்தோடு, 7 வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் சம்மதத்தையும் கேட்க வேண்டும். பிள்ளைக்கு 18 வயதானதும் மறுபடி அவரிடமே ஒப்புதல் வாங்க வேண்டும்.

இரு பக்கமும் வேலை இருக்கிறது

தென்னாப்பிரிக்காவின் சான் பழங்குடிகள் 2017-ல் ஒரு காரியம் செய்தார்கள். 'எங்களிடம் ஆய்வுக்கு வருகிறீர்களா? இதுதான் எங்கள் விதி' என்று தாங்களே ஓர் ஒழுங்குமுறையை எழுதி வெளியிட்டார்கள். மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை என்பவை அதன் தூண்கள். 'ஆய்வு முடிந்ததும் திரும்பி வந்து முடிவைச் சொல்லுங்கள்' என்பது அவர்களின் முக்கியமான எதிர்பார்ப்பு.

நம் பக்கத்து மலைகளின் சங்கங்களும் கிராம சபைகளும் இதைச் செய்யலாம். கோவையின் மருத்துவக் கல்லூரிகள், மருத்துவமனைகள் தங்கள் ஃப்ரீசர்களில் எத்தனை மாதிரிகள், எந்த ஆய்வுக்காக இருக்கின்றன என்று ஆண்டுக்கு ஒருமுறை தமிழில் வெளியிடலாம். இதற்குப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆராய்ச்சி முடிந்ததும் மறுபடி அதே ஊருக்குப் போய், அதே பள்ளிக்கூடத் திண்ணையில் உட்கார்ந்து, 'உங்க ரத்தத்துல இருந்து இதைத்தானுங்க கண்டுபிடிச்சோம்' என்று சொல்லலாம். அடுத்த முறை கை நீட்ட அந்த ஊர் யோசிக்காது.

நாம் செய்ய வேண்டியது அதைவிடச் சின்னது. அடுத்த முறை லேப்பில் படிவம் நீட்டினால் இரண்டு நிமிடம் எடுத்துப் படியுங்கள். அம்மாவுக்கும் ஆத்தாவுக்கும் படித்துச் சொல்லுங்கள். நிலத்தை எழுதிக் கொடுக்கும்போது பத்திரத்தை நாலு பேரிடம் காட்டிவிட்டுத்தானே கையெழுத்துப் போடுகிறோம்? இது அதைவிடப் பழைய சொத்து. பங்காளிகளும் அதிகம்.